கடினமான கேள்வி எது?
க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளைப் படியறிந்து செய்தல்

“என்ர பிள்ளைக்குக் கணக்கு ஏறாது.” இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. தாயும் சொல்வார், தந்தையும் சொல்வார். சில நாட்களில் பிள்ளையும் அதையே சொல்லத் தொடங்கும். பிறகு கணிதப் பாட வேளையில் கடைசி வாங்கில் இருப்பதும், தவணைப் பரீட்சையில் வெறுந்தாள் கொடுப்பதும் பழக்கமாகிவிடும்.

இந்த வார்த்தை உண்மையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணித வினாத்தாளில் எல்லாக் கேள்விகளும் ஒரே அளவு கடினமானவை அல்ல. இலேசானவை, நடுத்தரமானவை, கடினமானவை எல்லாம் ஒரே தாளில் கலந்தே வருகின்றன. எது எந்தப் படியில் இருக்கிறது என்று அறிந்துகொண்டால், பாடசாலை நாட்களை இழந்த பிள்ளையும் சித்தியடைய வழி உண்டு. அந்தப் படிகளை அடையாளம் காணப் பெற்றோர் கணித ஆசிரியராக இருக்கவேண்டியதில்லை.

நாம் கணக்கெடுக்காத இழப்பு

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நடந்துபோன குடும்பங்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்த குடும்பங்களும் தாங்கள் இழந்தவற்றைக் கணக்கிட்டார்கள். காணி எத்தனை பரப்பு, மாடு எத்தனை, வீட்டு ஓடு எத்தனை என்று படிவம் நிரப்பினார்கள். பிள்ளை எந்தப் பாடத்தைத் தவறவிட்டது என்று கேட்கும் படிவம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் பலர் இன்று பெற்றோர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வேறு விதமாக நாட்களை இழந்திருக்கிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வகுப்புகள் குழம்பின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் மறுபடியும் பல குடும்பங்களை இடம்பெயர வைத்தன.

வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களில் ஒரு பாடம் தவறினாலும் அடுத்த பாடத்தைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம். கணிதம் அப்படியல்ல. பின்னம் விளங்காத பிள்ளைக்கு விகிதம் விளங்காது. விகிதம் விளங்காவிட்டால் வட்டிக் கணக்கும் நிகழ்தகவும் விளங்கா. ஆகவே இடம்பெயர்வினால் அதிகம் அடிபடும் பாடம் கணிதமே. பிள்ளைக்கு மூளை போதாது என்று நாம் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது, தவறிப்போன சில மாதப் பாடம்தான்.

இந்தப் பாடத்தில் தங்கியிருப்பது என்ன?

சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். உயர்தர வகுப்பில் சேரப் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் கேட்கப்படுகின்றன. இவ்விதிகளில் காலத்துக்குக் காலம் தளர்வுகள் சுற்றுநிருபங்கள் மூலம் வருவதுண்டு. உங்கள் பிள்ளையின் ஆண்டுக்கு உரிய விதியை அதிபரிடம் கேட்டறியுங்கள். அரசாங்க வேலைகள் பலவற்றுக்கும் தொழிற்பயிற்சி நெறிகள் பலவற்றுக்கும் விண்ணப்பப் படிவத்தில் முதலில் பார்க்கப்படுவது கணிதச் சித்தியே.

காணி இன்னும் கைக்கு வராத குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. தோட்டம் செய்து பிழைக்கலாம் என்ற வழி பிள்ளைக்கு முன்னால் இல்லாதபோது, சான்றிதழ்தான் அதன் கையிலுள்ள காணி உறுதி. ஒரு பாடத்தில் சித்தி தவறியதனால் எட்டுப் பாடங்களின் உழைப்பும் பயன்படாமற் போவதை நம் கிராமங்களில் காண்கிறோம்.

ஒரு காணி, நான்கு கேள்விகள்

இனி, கேள்விகளின் கடினம் எவ்வாறு ஏறுகிறது என்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட செவ்வகத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் கணக்கில் அது ஒரு பரப்புக்குச் சற்றுக் கூடிய நிலம்.

முதலாம் படி: “நீளம் 20 மீற்றர், அகலம் 15 மீற்றர் ஆன செவ்வகத் தோட்டத்தின் பரப்பளவு யாது?”
விடை: 20 × 15 = 300 சதுர மீற்றர். ஒரு விதி, ஒரு பெருக்கல், அவ்வளவே.

இரண்டாம் படி: “செவ்வகத் தோட்டம் ஒன்றைச் சுற்றி வேலி அடைக்க 70 மீற்றர் கம்பி வேண்டும். நீளம் 20 மீற்றர் ஆயின் பரப்பளவு யாது?”
இங்கே அகலம் தரப்படவில்லை. முதலில் 70 இன் பாதி 35 என்று காணவேண்டும். அது ஒரு நீளமும் ஓர் அகலமும் சேர்ந்தது. ஆகவே அகலம் 35 − 20 = 15 மீற்றர். பிறகு 20 × 15 = 300. ஒரு கணக்கு மூன்று சிறு கணக்காகிவிட்டது. ஆனால் மூன்றும் தெரிந்தவையே.

மூன்றாம் படி: “செவ்வகத் தோட்டம் ஒன்றின் நீளம் அகலத்திலும் 5 மீற்றர் கூடியது. பரப்பளவு 300 சதுர மீற்றர். அகலத்தைக் காண்க.”
இங்கே பிள்ளை வசனத்தைச் சமன்பாடாக மாற்றவேண்டும். அகலத்தை ‘அ’ என்று கொண்டால் நீளம் அ + 5.
அ × (அ + 5) = 300
அ² + 5அ − 300 = 0
பெருக்கினால் −300 உம் கூட்டினால் +5 உம் வரும் இரண்டு எண்கள் +20, −15. ஆகவே
(அ + 20)(அ − 15) = 0
அ = −20 அல்லது அ = 15. அகலம் மறை எண்ணாக இருக்க முடியாது. ஆகவே அகலம் 15 மீற்றர்.

நான்காம் படி: “70 மீற்றர் கம்பியால் அடைக்கக்கூடிய செவ்வகத் தோட்டங்களுள் மிகக் கூடிய பரப்பளவு கொண்டது எது? வரைபு வரைந்து காண்க.”
ஒரு பக்கம் ‘அ’ ஆனால் மற்றப் பக்கம் 35 − அ. பரப்பளவு அ × (35 − அ). அ க்கு வெவ்வேறு பெறுமானங்களை இட்டுப் பார்ப்போம்:
அ = 10 ஆயின் 250
அ = 15 ஆயின் 300
அ = 17.5 ஆயின் 306.25
அ = 20 ஆயின் 300
அ = 25 ஆயின் 250
வரைபுத்தாளில் குறித்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடு கிடைக்கும். அதன் உச்சி 17.5 இல் உள்ளது. ஆகவே நான்கு பக்கமும் சமமான சதுரத் தோட்டமே மிகக் கூடிய பரப்பளவைத் தரும்.

நான்கு கேள்விகளையும் திரும்பப் பாருங்கள். எல்லாம் 20 க்கு 15 என்ற அதே தோட்டத்திலிருந்து பிறந்தவை. பெரிய எண்களும் வரவில்லை. ஆனால் முதலாவதைத் தரம் 6 பிள்ளை செய்யும். நான்காவதில் தரம் 11 பிள்ளையும் தடுமாறும்.

கடினம் எங்கிருந்து வருகிறது?

மேலே கண்ட உதாரணத்திலிருந்து மூன்று காரணங்களை எடுக்கலாம்.

1. மறைந்திருக்கும் படிகள். முதற் கேள்வியில் வேண்டியதெல்லாம் தரப்பட்டது. இரண்டாவதில் ஒன்றை மறைத்துவிட்டார்கள். எத்தனை படிகளைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டுமோ அத்தனை கடினம்.

2. மொழி. “அகலத்திலும் 5 மீற்றர் கூடியது”, “குறைந்தபட்சம்”, “முறையே”, “எனின்” போன்ற சொற்கள் பிள்ளையைத் தடுக்கின்றன. கணிதம் தெரிந்தும் வசனம் விளங்காமல் விடப்பட்ட கேள்விகள் பல.

3. கீழே உள்ள அத்திவாரம். மூன்றாம் கேள்விக்குக் காரணியாக்கல் தெரியவேண்டும். காரணியாக்கலுக்கு நேர், மறை எண்களைப் பெருக்கவும் கூட்டவும் தெரியவேண்டும். அதற்கு வாய்பாடு தெரியவேண்டும். இடையில் எது இல்லாவிட்டாலும் மேலே உள்ளது நிற்காது.

முதலாவது காரணத்துக்கு மருந்து பயிற்சி. இரண்டாவதுக்கு மருந்து வாசிப்பு. மூன்றாவதுக்கு மருந்து, உடைந்த படி எது என்று தேடிச் சென்று திருத்துவது. இடம்பெயர்ந்த பிள்ளைக்கு மிகவும் வேண்டியது இந்த மூன்றாவது மருந்தே. ரியூசனுக்கு அனுப்பினாலும் அங்கே தரம் 11 பாடமே மீண்டும் நடக்கும். தரம் 7 இல் தவறியதை அங்கே யாரும் தேடிப்பார்ப்பதில்லை.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற் போனதை மேய்ப்பன் எப்படி அறிந்தான்? எண்ணிப் பார்த்தபடியால் அறிந்தான். நாமும் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

உடைந்த படியைக் கண்டுபிடித்தல்

பிள்ளை ஒரு கேள்வியில் நின்றுவிட்டால் “ஏன் தெரியாது?” என்று ஏசாமல், ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக் கேளுங்கள். மேலே உள்ள மூன்றாம் கேள்வியில் நின்றதாக வைத்துக்கொள்வோம்.

– அ² + 5அ − 300 = 0 என்ற சமன்பாட்டை எழுதித் தந்தால் தீர்க்க முடிகிறதா? முடிந்தால் குறை மொழியில்தான். வசனக் கணக்குகளை வாசித்துப் பழகினால் போதும்.
– முடியாவிட்டால், அ² + 7அ + 12 ஐக் காரணியாக்க முடிகிறதா? (விடை: (அ + 3)(அ + 4).) இது முடிந்து முதலாவது முடியாவிட்டால், குறை மறை எண்களில் உள்ளது.
– இதுவும் முடியாவிட்டால், (−15) × 20 எவ்வளவு, 20 − 15 எவ்வளவு என்று கேளுங்கள்.
– அங்கும் தடுமாறினால் 12 ஆம் வாய்பாடு வரை சொல்லச் சொல்லுங்கள்.

எந்த இடத்தில் பிள்ளை நம்பிக்கையோடு விடை சொல்கிறதோ அதற்கு அடுத்த மேற்படியே உடைந்த படி. அந்தப் பாடம் எந்த வகுப்புக்கு உரியதோ அந்த வகுப்புப் புத்தகத்தை அயல் வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்குங்கள். பதினாறு வயதுப் பிள்ளை தரம் 8 புத்தகம் படிப்பதில் வெட்கமில்லை. உடைந்த வரம்பைக் கட்டாமல் மேல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் பயனில்லை என்பது கமக்காரருக்குத் தெரியும்.

பெற்றோருக்குக் கைவந்த கணிதமும் உண்டு. “நூற்றுக்கு மூன்று வட்டி” என்று மாத வட்டிக்குக் கடன்பட்டவருக்கு ஆண்டுக்கு அது 36 வீதம் என்று விளங்கப்படுத்தத் தெரியும். 160 பேர்ச் ஓர் ஏக்கர், 10 பேர்ச் ஒரு பரப்பு, ஆகவே 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது விகிதக் கணக்கு. ஆறு பேர் நான்கு நாளில் எடுக்கும் களையை எட்டுப் பேர் மூன்று நாளில் எடுப்பர் என்பது புத்தகத்தில் “நேர்மாறு விகிதசமன்” என்ற பெரிய பெயரோடு இருக்கிறது. இவற்றைப் பிள்ளையோடு பேசுங்கள். புத்தகத்திலுள்ள பெயரைப் பிள்ளை சொல்லட்டும், கணக்கை நீங்கள் சொல்லுங்கள்.

வினாத்தாள் எப்படி அமைந்திருக்கிறது?

2016 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்தின்படி சாதாரண தரக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் உள்ளன.

முதலாம் வினாத்தாள், 2 மணித்தியாலம். பகுதி ஒன்றில் 25 சிறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 50. பகுதி இரண்டில் 5 அமைப்புக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, மொத்தம் 50. எல்லாவற்றுக்கும் விடை எழுதவேண்டும்.

இரண்டாம் வினாத்தாள், 3 மணித்தியாலம். இரு பகுதிகளிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தைத் தெரிந்து பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, மொத்தம் 100.

இரண்டு தாள்களின் 200 புள்ளிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தே இறுதிப் புள்ளி கணிக்கப்படுகிறது. 75 உம் அதற்கு மேலும் ஏ. 35 எடுத்தால் எஸ் என்னும் சாதாரண சித்தி. அதற்குக் கீழே டபிள்யூ. டி, சி, எஸ், எஃப் என்று பெறுபேறு வந்த காலத்தில் படித்த பெற்றோர் இந்த மாற்றத்தைக் கவனிக்க.

பாடத்திட்டம் மாறும்போது வினாத்தாளின் அமைப்பும் மாறும். ஆகவே பிள்ளை தோற்றும் ஆண்டுக்குரிய அமைப்பைப் பாடசாலையில் ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நாம் சொன்ன நான்கு படிகளும் இத்தாள்களில் எங்கே இருக்கின்றன? முதலாம் தாளின் சிறு கேள்விகள் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் படிகளில் உள்ளவை. அமைப்புக் கேள்விகள் பின்னம், வீதம், பரப்பளவு, தொடைகள், நிகழ்தகவு, தரவுகளின் வரைபுகள் ஆகியவற்றிலிருந்து வருபவை. அவற்றில் முதற் பிரிவு இலேசாகவும் கடைசிப் பிரிவு கடினமாகவும் இருக்கும். இரண்டாம் தாளில் வட்டியும் பங்குகளும், வரைபு, சமன்பாடு, திரிகோணகணிதம், மீடிறன் பரம்பலின் இடை, விருத்திகள், கவராயத்தால் செய்யும் அமைப்பு, கேத்திரகணிதத் தேற்றங்கள், கனவளவும் மடக்கையும் போன்றவை இடம்பெறுகின்றன. தேற்ற நிறுவல்களே பெரும்பாலான பிள்ளைகளுக்கு மேற்படி.

70 புள்ளிக்கு ஒரு வழி

இறுதிப் புள்ளி 35 என்றால் இருநூறில் 70. இதை எவ்வாறு சேர்ப்பது என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

– 25 சிறு கேள்விகளில் 16 சரியானால்: 32 புள்ளி.
– 5 அமைப்புக் கேள்விகளிலும் முதற் பிரிவுகளை மட்டும் செய்து 4 வீதம் எடுத்தால்: 20 புள்ளி.
– இரண்டாம் தாளில் நன்கு பழகிய நான்கு கேள்விகளில் 5 வீதம் எடுத்தால்: 20 புள்ளி.
மொத்தம் 72. இரண்டால் வகுத்தால் 36. பிள்ளை சித்தி.

இந்தக் கணக்கில் ஒரு தேற்றமும் இல்லை. நான்காம் படிக் கேள்வி ஒன்றும் இல்லை. முழுக் கேள்வி ஒன்றையேனும் இரண்டாம் தாளில் முடிக்கவேண்டும் என்றும் இல்லை. “எனக்குக் கணக்கு ஏறாது” என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த எண்களை எழுதிக் காட்டுங்கள். இரண்டாம் தாளில் பழகிய நான்கோடு நிறுத்தாமல், மீதிக் கேள்விகளிலும் தெரிந்த முதற் பிரிவை எழுதினால் இன்னும் சில புள்ளிகள் சேரும்.

படிமுறைக்கும் புள்ளி உண்டு

புள்ளியிடும் திட்டத்தில் இறுதி விடைக்கு மட்டுமல்ல, இடையிலுள்ள படிகளுக்கும் புள்ளி பிரிக்கப்பட்டிருக்கும். விடை பிழைத்தாலும் முறை சரியானால் ஒரு பகுதி புள்ளி கிடைக்கும். ஆகவே தெரிந்த அளவை எழுதவேண்டும். வெறும் விடையை மட்டும் எழுதுவதும், பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் வெட்டுவதும் நட்டமே.

ஓர் உதாரணம். பத்து நாட்கள் சந்தைக்கு அனுப்பிய கத்தரிக்காயின் நிறை இவ்வாறு:
10–20 கிலோ: 3 நாட்கள்
20–30 கிலோ: 5 நாட்கள்
30–40 கிலோ: 2 நாட்கள்
ஒரு நாளுக்கு அனுப்பிய நிறையின் இடை யாது?

செய்கை: ஒவ்வொரு வகுப்பாயிடையினதும் நடுப்பெறுமானம் 15, 25, 35.
15 × 3 = 45
25 × 5 = 125
35 × 2 = 70
கூட்டுத்தொகை 240. நாட்கள் 10. இடை 240 ÷ 10 = 24 கிலோ.

இதில் யோசித்துக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அட்டவணை கீறி, வரிசையாகப் பெருக்கிக் கூட்டி வகுப்பதே வேலை. நடுப்பெறுமானத்தை மட்டும் சரியாக எழுதிய பிள்ளைக்கும் வெறுந்தாள் விட்ட பிள்ளைக்கும் இடையில் புள்ளி வேறுபாடு உண்டு. கவராயத்தால் செய்யும் அமைப்பும் இப்படியே. கோணத்தை இருகூறிடல், செங்குத்து இருகூறாக்கி வரைதல், 60 பாகைக் கோணம் அமைத்தல் ஆகியவற்றைக் கை பழகும் வரை செய்தால் மொழி வல்லமை குறைந்த பிள்ளையும் புள்ளி எடுக்கலாம். ஒரு கவராயமும் ஒரு கூரான பென்சிலும் போதும்.

வீட்டிலும் கிராமத்திலும் செய்யக்கூடியவை

1. கடந்த ஐந்து ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேடிச் சேருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. கிராமத்துக்கு ஒரு தொகுதி போதும்.

2. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பிள்ளை அடையாளமிடட்டும்: தானாகச் செய்யக்கூடியதற்கு 1, உதவி கிடைத்தால் செய்யக்கூடியதற்கு 2, ஒன்றும் விளங்காததற்கு 3. முதல் மாதம் 1 ஐ மட்டும் பிழையின்றிச் செய்யப் பழகட்டும். அடுத்த மாதங்களில் 2 ஐ 1 ஆக மாற்றுவதே வேலை. 3 ஐ ஆசிரியருக்கு விடுங்கள்.

3. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், எந்தக் கேள்வியை எத்தனை வீதமான பரீட்சார்த்திகள் சரியாகச் செய்தார்கள் என்ற விபரம் வருவதுண்டு. அதைப் பார்க்கும்படி கணித ஆசிரியரைக் கேளுங்கள். நாட்டில் பெரும்பாலானோர் சரியாகச் செய்த கேள்வியை உங்கள் பிள்ளை விட்டிருந்தால், முதலில் திருத்தவேண்டியது அதுவே.

4. பரீட்சை மண்டபத்தில் கேள்விகளை வரிசைப்படி செய்யவேண்டும் என்ற கட்டாயமில்லை. முதலில் தெரிந்தவற்றைச் செய்து, கேள்வி இலக்கத்தைத் தெளிவாக இடவேண்டும். ஒரு சிறு கேள்வியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அதை விட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

5. மாலை வேளையில் கோவில் மண்டபத்திலோ முன்பள்ளியிலோ ஒரு விளக்கின் கீழ் ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து படிக்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று வாரத்தில் இரண்டு நாள் வந்து இருந்தாலே பெரும் உதவி.

தவறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும்

கணிதத்தில் தவறியவர் பாடசாலையை விட்ட பின்னும் தனியார் பரீட்சார்த்தியாக அப்பாடத்துக்கு மட்டும் மீண்டும் தோற்றலாம். இதற்கு வயது ஒரு தடையல்ல. முன்னர் பெற்ற சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெறுபேற்றின் பிரதியைப் பெறலாம். தோற்றிய ஆண்டும் சுட்டெண்ணும் நினைவில் இருந்தால் வேலை இலகு. அவற்றைத் தாயின் செபப் புத்தகத்திலோ குடும்ப அட்டையோடோ எழுதிவையுங்கள். 2016 இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கூலி வேலைக்கு அனுப்புவதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது சட்டத்துக்கும் மாறானது.

எல்லாப் பிள்ளைகளும் 35 உடன் நிற்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துப் பொறியியல் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைக்குச் சாதாரண சித்தி போதாது. அப்பிள்ளை மூன்றாம், நான்காம் படிகளில் இப்போதே கால் வைக்கவேண்டும். சமன்பாடும் வரைபும் தேற்றமும் அதற்கு அன்றாடப் பயிற்சியாக வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அறிந்து, அங்கிருந்து ஒரு படி மேலே ஏற்றுவதே நம் கடமை.

பயிற்சி

பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து செய்க.

1. (முதலாம் படி) 8,000 ரூபாவின் 15 வீதம் எவ்வளவு?
2. (இரண்டாம் படி) ஓர் ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் வேண்டும் எனின், 40 பரப்பு வயலுக்கு எத்தனை புசல் வேண்டும்?
3. (இரண்டாம் படி) 50,000 ரூபாவை ஆண்டுக்கு 12 வீதக் கூட்டுவட்டிக்குக் கடன்பட்ட ஒருவர் இரண்டு ஆண்டு முடிவில் மொத்தமாக எவ்வளவு செலுத்தவேண்டும்?
4. (மூன்றாம் படி) செவ்வகப் பாத்தி ஒன்றின் நீளம் அகலத்திலும் 3 மீற்றர் கூடியது. பரப்பளவு 40 சதுர மீற்றர். நீள அகலங்களைக் காண்க.
5. (நான்காம் படி) 40 மீற்றர் கம்பியால் அடைக்கக்கூடிய மிகப் பெரிய செவ்வகத் தோட்டத்தின் பரப்பளவு யாது?

விடைகள்: (1) 1,200 ரூபா. (2) 40 ÷ 16 = 2½ ஏக்கர்; 5 புசல். (3) முதலாண்டு வட்டி 6,000, இரண்டாமாண்டு வட்டி 56,000 இன் 12 வீதமாகிய 6,720. மொத்தம் 62,720 ரூபா. (4) அகலம் 5 மீற்றர், நீளம் 8 மீற்றர். (5) பக்கம் 10 மீற்றரான சதுரம். 100 சதுர மீற்றர்.

கிராமக் கூட்டத்தில் கலந்துரையாட

– நமது கிராமத்தில் இவ்வாண்டு சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? கணிதத்தில் தவறி வீட்டில் நிற்பவர்கள் எத்தனை பேர்?
– அவர்களுக்குத் தரம் 7, 8 பாடங்களை மீளச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் நம்மிடையே யார்?
– வினாத்தாள் தொகுதியையும் விளக்கையும் இடத்தையும் யார் யார் பொறுப்பேற்பது? எந்த நாளில் தொடங்குவது?